ஜிப்சி கிங் 1998: முன் நக்கிளில் ஆயில் கசிவு, 60 வேகத்தில் ஸ்டீயரிங் உதறல். வீட்டிலேயே செய்ய முடியுமா?

கடிலம்31 (கடலூர்) | சனி, காலை 7.10

வண்டி 1998 மாருதி ஜிப்சி கிங், கார்புரேட்டர் மாடல், சாஃப்ட் டாப். டயர் 205/70 ஆர்15, நாலும் ஒரே செட்.

பிரச்சினை ரெண்டு. முன் இடது சக்கரத்துக்குப் பின்னால, நக்கிள் (சக்கரம் திரும்பற மூட்டு) உருண்டையிலேர்ந்து ஆயில் வழிஞ்சு ரிம்மோட உள்பக்கம் வரைக்கும் தெறிச்சிருக்கு. கிரீஸ் மாதிரி கெட்டியா இல்ல. தண்ணியா, பால் காபி நிறத்துல இருக்கு. அடுத்தது, 55-60ல போகும்போது ஒரு பள்ளத்துல இறங்கினா ஸ்டீயரிங் ரெண்டு கையையும் உதறுது. 30க்குக் கொண்டு வந்தாதான் அடங்குது.

ஃபெஞ்சல் புயல் மழையில ஹப் முங்கற அளவு தண்ணியில ரெண்டு நாள் நின்ன வண்டி. அதுக்கப்புறம் ஆக்சில் ஆயில் மாத்தல. ஸ்டீயரிங் டேம்பர் (உதறலை அடக்கற ஷாக்) மாத்தினா சரியாயிடும்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க. சிமெண்ட் தரை ஷெட், 3 டன் ஜாக்கி, ரெண்டு ஸ்டாண்ட், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் கைவசம் இருக்கு. எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?


உப்பளம்01 (புதுச்சேரி) | சனி, காலை 8.25

டேம்பரை இப்போ தொடாதீங்க. நீங்க ரெண்டு பிரச்சினைன்னு எழுதியிருக்கிறது ஒரே வியாதி.

ஓடிச் சூடான ஆக்சில் தண்ணியில இறங்கினா உள்ளே இருக்கிற காத்து சுருங்கும். மேல இருக்கிற பிரீதர் (காத்து போய் வர்ற மூடி) திறந்திருந்தா அது வழியா காத்து வந்து சமமாயிடும். பிரீதர் அடைச்சிருந்தா ஆக்சில் சீல் வழியாத்தான் இழுக்கும், சீலுக்கு வெளியே இருக்கிறது தண்ணி. அப்படி உள்ளே போன தண்ணி ஆயிலோட கலந்தாத்தான் பால் காபி நிறம் வரும். ஆக்சில் குழாயோட முனையில இருக்கிற உள் சீலும் தேஞ்சு போயிருந்தா, அந்தக் கலவை நக்கிள் உருண்டைக்குள்ள வந்து அங்க இருக்கிற கிரீஸைக் கரைக்கும். கிரீஸ் கரைஞ்சதும் கிங்பின் (நக்கிள் திரும்பற அச்சு) பேரிங் வெறுமையாயிடும், முதல்ல போறது கீழ் பேரிங், ஏன்னா தண்ணி தங்குறது அங்கதான். ரோலர் துருப்பிடிச்சு பள்ளம் விழுந்தா இறுக்கம் போயிடும். அந்த இறுக்கம்தான் சக்கரத்தை உதறவிடாமப் பிடிச்சு வைக்குது. டேம்பர் போட்டா நாலு மாசம் மறைக்கும், அதுக்குள்ள டை ராட் (ரெண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி) எண்டும் போயிடும்.

பிரிக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. முன் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்ட்ல நிறுத்துங்க. சக்கரத்தை மேலயும் கீழயும் (12 மணி, 6 மணி) பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங். மிதிச்ச பிறகும் ஆடினா கிங்பின். 3 மணி, 9 மணியில மட்டும் ஆடினா டை ராட் எண்ட் இல்லன்னா டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸ்லேர்ந்து வர்ற கம்பி).

ஹாலோ பிளாக் கல்லு மேல வண்டியை நிறுத்தாதீங்க. சொல்லாம கொள்ளாம நொறுங்கும்.


நெல்லிக்குப்பம்_லேத் | சனி, காலை 9.05

அதுக்கும் முன்னாடி முன் டயரைப் பின்னாடி, பின் டயரை முன்னாடி மாத்திப் போட்டு ஓட்டிப் பாக்கலாம். உதறல் மாறினா டயர் இல்லன்னா பேலன்ஸ். காசு செலவில்லாத சோதனை. பட்டை (லீஃப் ஸ்பிரிங்) ஷாக்கிள் புஷ்ஷையும் கம்பியால நெம்பிப் பாருங்க, ரப்பர் பிதுங்கி வந்திருந்தா அதுவும் உதறலுக்குத் துணை போகும்.


கடிலம்31 | சனி, மாலை 5.40

டயர் மாத்திப் பாத்தாச்சு, உதறல் அப்படியேதான் இருக்கு. இடது சக்கரத்துல 12-6ல நல்ல ஆட்டம், பிரேக் மிதிச்சும் நிக்கல. வலதுல லேசா இருக்கு. 3-9ல ஒண்ணுமில்ல. ஷாக்கிள் புஷ் கெட்டியாத்தான் இருக்கு. முன் டிஃப்ரன்ஷியல் ஃபில்லர் திறந்து விரல் விட்டா ஆயில் வெளுத்துப் போயிருக்கு. பிரீதரைக் கழட்டி வாயால ஊதினேன், காத்தே போகல. சேறு காஞ்சு கல்லாட்டம் இருக்கு.


உப்பளம்01 | சனி, இரவு 9.15

அப்போ ரெண்டு பக்கமும் பிரிக்கணும். ஒரு பக்கம் மட்டும் செஞ்சா ரெண்டு சக்கரத்துக்கும் இறுக்கம் வேற வேறயா இருக்கும், வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

வாங்க வேண்டியது, ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து: கிங்பின் பேரிங் கப்போட நாலு செட், ஆக்சில் உள் சீல் ரெண்டு, நக்கிள் சீல் கிட் ரெண்டு (ரப்பர், ஃபெல்ட், தகட்டு ரிங்), ஹப் ஆயில் சீல் ரெண்டு, ஸ்பிண்டில் சீல் ரெண்டு, கிங்பின் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) கொஞ்சம், மாலிப்டினம் கலந்த ஈபி2 லித்தியம் கிரீஸ் 1 கிலோ, 80டபிள்யூ-90 ஜிஎல்-5 ஆயில் 5 லிட்டர். பேரிங்குக்குப் பெயர் சொல்லிக் கேக்காதீங்க. பழைய பேரிங்ல பொறிச்சிருக்கிற எண்ணைப் படிச்சு அதே எண்ணுக்கு நல்ல கம்பெனி பேரிங் வாங்குங்க. சீல் மட்டும் கம்பெனி ஒரிஜினல் போடுங்க, அதுல மிச்சம் பிடிச்சா இந்த வேலை மொத்தமும் திரும்பச் செய்யணும். இங்க கிடைக்கலன்னா சென்னையிலேர்ந்து வரவழைக்கலாம். ஆனா அங்க புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடையில பழைய நக்கிளை அப்படியே வாங்கி மாட்டறது வேண்டாம்; அதுக்குள்ள என்ன இருக்குன்னு பிரிக்காமத் தெரியாது.

டிஃப்ரன்ஷியல் ஆயிலை இறக்கறதுக்கு முன்னாடி ஃபில்லர் பிளக் திறக்குதான்னு பாக்கறது எல்லா வண்டிக்கும் பொது விதி. கீழே திறந்து ஆயிலை விட்டுட்டு, மேல திறக்க வரலைன்னா வண்டி ஷெட்லயே உக்காந்துடும். நீங்க ஏற்கனவே திறந்துட்டீங்க, நல்லது.

பிரிக்கற வரிசை. சக்கரம், பிறகு காலிப்பர். காலிப்பரை ஹோஸ்ல தொங்க விடாதீங்க, கம்பி போட்டு பட்டையில கட்டுங்க. ஃப்ரீ வீல் ஹப்போ ஃபிளாஞ்சோ, ஆறு போல்ட் எடுத்தா ஆக்சில் முனையில சர்க்ளிப் இருக்கும். அது வந்ததும் லாக் வாஷர், நட், ஹப், டிஸ்க். அடுத்து ஸ்பிண்டில் (ஹப் சுத்தற குழாய் அச்சு), அதோட எட்டு போல்ட். ஸ்பிண்டில் ஒட்டிக்கிட்டிருக்கும், சுத்தியால நேரா அடிச்சா விளிம்பு நசுங்கிடும். மரக்கட்டை வெச்சு சுத்திச் சுத்தித் தட்டுங்க. ஸ்பிண்டில் வந்ததும் ஆக்சில் ஷாஃப்ட் பந்து ஜாயிண்டோட முழுசா வெளியே வரும். தட்டு ஒண்ணு கீழே வைங்க, காபி கொட்டும்.

பிறகு டை ராட் எண்டைப் பிரிச்சுட்டு, பின்பக்கம் நக்கிள் சீலைப் பிடிச்சிருக்கிற எட்டுச் சின்ன போல்ட். துருவேறி இருந்தா தலை முறிஞ்சுடும், முந்தின நாளே ஊடுருவற ஆயில் அடிச்சு வைங்க. கடைசியா மேல் கிங்பின், கீழ் கிங்பின், ஒவ்வொண்ணுக்கும் நாலு போல்ட். எது மேல, எது கீழன்னு பெயிண்ட்ல புள்ளி வெச்சுக்கோங்க. மேல் கிங்பின்னுக்குக் கீழ இருக்கிற ஷிம் எத்தனைன்னு எண்ணி நூல்ல கோத்து வைங்க. நக்கிளை இழுக்கும்போது கீழ் பேரிங் பொத்துனு விழும், கை வெச்சுப் பிடிங்க.

சீல், ஃபெல்ட், ரிங் எந்த வரிசையில வருதோ அப்படியே ஒரு ஃபோட்டோ. நக்கிளைக் கழட்டாம, புது ரப்பர் சீலை பிளேடால வெட்டி மாட்டற வழக்கம் ஒண்ணு இருக்கு. வெட்டின இடம்தான் மறுபடி ஒழுகற இடம், அந்தப் பக்கமே போகாதீங்க.


நெல்லிக்குப்பம்_லேத் | ஞாயிறு, காலை 6.50

நக்கிள் பிரிஞ்சதும் ஆக்சில் முனையில இருக்கிற உருண்டை முகத்தைப் பாருங்க. சீல் வேலை நிக்குமா நிக்காதான்னு அங்கதான் தெரியும். கடலோர வண்டியில அந்த முகம் அம்மைத் தழும்பாட்டம் பள்ளம் பள்ளமா இருக்கும். அது மேல புது ரப்பர் போட்டா ஒரு மாசத்துல அரைச்சுத் தின்னுடும். 400 நம்பர் எமரி தாள்ல சுத்துவாக்குல தேயுங்க, குறுக்கால தேய்க்கக் கூடாது. நகம் மாட்டற ஆழத்துல பள்ளம் இருந்தா தின்னர் போட்டுத் துடைச்சு, ரெண்டு டியூப் எபாக்ஸியை (உலோகத்தூள் கலந்த வகை) நிரப்பி, ஒரு ராத்திரி விட்டு, மறுபடி எமரி போட்டு மட்டம் பண்ணுங்க. கைவிரல் ஓட்டினா வழுக்கிப் போகணும்.

பேரிங் கப் உருண்டைக்கு உள்ளேர்ந்து வெளியே தட்டணும். பித்தளை ராடு வேணும். அங்க ஒரு தட்டு, எதிர்ல ஒரு தட்டுன்னு மாத்தி மாத்தி. ஒரே பக்கம் அடிச்சா கோணிக்கும். புதுக் கப் உள்ளே போகும்போது சத்தம் மாறும். டங் டங்னு கெட்டியாக் கேட்டா அடியில உக்காந்துடுச்சு. பழைய கப்புல புதுப் பேரிங் போட்டு நேரம் மிச்சம் பண்றவங்க உண்டு. பேரிங்கும் கப்பும் ஜோடி, ஒண்ணை மாத்தினா ரெண்டையும் மாத்தணும்.


பண்ருட்டி_540 | ஞாயிறு, காலை 10.30

எம்எம் 540 (மஹிந்திரா ஜீப்) வெச்சிருக்கேன், இந்த இழையைக் கவனிச்சுக்கிட்டு வரேன். தண்ணி போன டிஃப்ரன்ஷியலுக்கு டீசல் ஊத்தி, கொஞ்ச தூரம் ஓட்டி, இறக்கிட்டுப் புது ஆயில் போடச் சொல்றாங்களே, அது சரியா?


உப்பளம்01 | ஞாயிறு, காலை 11.10

ஓட்டறது தப்பு. டிஃப்ரன்ஷியலுக்குள்ள இருக்கிற கிரௌன், பீனியன் பல்லு ஒண்ணை ஒண்ணு வழுக்கிக்கிட்டே அழுத்தற அமைப்பு. அந்த அழுத்தத்துல தாங்கற படலம் ஜிஎல்-5 ஆயில்லதான் இருக்கு, டீசல்ல இல்ல. டீசல்ல அஞ்சு கிலோமீட்டர் போனாலே பல்லு முகத்துல கீறல் விழ ஆரம்பிக்கும். சக்கரம் தூக்கி நிக்கும்போது கையால சுத்தி அலசறதுன்னா ஆபத்தில்ல, ஆனா அந்த டீசல் முழுக்க வெளியே வராது.

சரியான வழி, அதே 80டபிள்யூ-90 ஆயில்லயே விலை குறைஞ்சதா ஒண்ணு வாங்கி நிரப்பி 15-20 கிலோமீட்டர் மெதுவா ஓட்டி, சூடா இருக்கும்போதே இறக்குங்க. வர்ற ஆயில் வெளுத்திருந்தா இன்னொரு தடவை. தெளிவா வந்தா நல்ல ஆயில். ஜிப்சி முன் ஆக்சிலுக்கு ஏறக்குறைய 2 லிட்டர். எண்ணிக்கை எதுவா இருந்தாலும் சமதரையில ஃபில்லர் ஓட்டை வழியா வழிய ஆரம்பிக்கறதுதான் அளவு.

ஜிஎல்-5 மிச்சமிருக்கேன்னு கியர் பாக்ஸ்ல ஊத்திடாதீங்க. அதுல இருக்கிற கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ ரிங்கை நாளடைவுல அரிக்கும். கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4.


கடிலம்31 | ஞாயிறு, இரவு 8.00

இடது பக்கம் பிரிச்சாச்சு. கீழ் பேரிங்ல ரோலர் எல்லாம் செங்கல் நிறம், ரெண்டு ரோலர் கூண்டை விட்டே வந்துடுச்சு. மேல் கிங்பின்ல மூணு ஷிம். உருண்டையில சின்னப் பள்ளம், எபாக்ஸி போட்டு வெச்சிருக்கேன். ஸ்பிண்டிலுக்குள்ள ஒரு வெண்கல புஷ் இருக்கு, அதையும் மாத்தணுமா? கிங்பின் இறுக்கத்தை எப்படி அளக்கறது?


உப்பளம்01 | ஞாயிறு, இரவு 9.30

புஷ்ஷுக்குள்ள ஷாஃப்டை விட்டு ஆட்டிப் பாருங்க. கண்ணுக்குத் தெரியற ஆட்டம் இருந்தா லேத்ல புதுசு அடிச்சுக்கோங்க. இல்லன்னா சுத்தம் பண்ணி கிரீஸ் போதும்.

இறுக்கம்தான் இந்த மொத்த வேலைக்கும் உயிர். இதைக் கை உணர்வுல விட்டுடறாங்க, அதனாலதான் நிறைய வண்டியில சீல் வேலை முடிஞ்சும் உதறல் போறதில்ல. ஆக்சில் ஷாஃப்ட் இல்லாம, நக்கிள் சீல் மாட்டாம, பேரிங்ல கிரீஸ் தடவி, நக்கிளையும் ரெண்டு கிங்பின்னையும் மட்டும் மாட்டுங்க. கிங்பின் போல்ட் 20-30 நியூட்டன் மீட்டர். நக்கிளை நாலஞ்சு தடவை இந்தக் கோடி, அந்தக் கோடி திருப்பி பேரிங்கை உக்கார வைங்க. அப்புறம் டை ராட் எண்ட் மாட்டற ஓட்டையில ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு, நக்கிள் கைக்குச் செங்குத்தா இழுங்க. நக்கிள் அசைய ஆரம்பிக்கற நேரத்துல தராசு 1.0 முதல் 1.8 கிலோவுக்குள்ள காட்டணும். மீன்காரங்க வெச்சிருக்கிற கைத்தராசு போதும், ஆனா 50 கிலோ தராசு எடுக்காதீங்க, அதுல 1 கிலோவைப் படிக்க முடியாது. 5 கிலோ தராசு எடுங்க.

குறைவாக் காட்டினா மேல் கிங்பின்லேர்ந்து ஒரு மெல்லிய ஷிம் எடுங்க. அதிகமாக் காட்டினா ஒண்ணு சேருங்க. ஷிம் குறைஞ்சா இறுக்கம் கூடும், இதைத் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டு மாட்டறவங்க உண்டு. ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்கு வர்ற வரைக்கும் பொறுமையா செய்யுங்க.

அளவு வந்ததும் பிரிச்சு, சீலோட மாட்டணும். உள் சீலைப் பொருத்தமான சாக்கெட் வெச்சு நேராத் தட்டி, உதட்டுல கிரீஸ் தடவுங்க. ஷாஃப்டை உள்ளே விடும்போது அதோட எடையை சீல் மேல விட்டீங்கன்னா ஸ்ப்லைன் (முனையில இருக்கிற பல்லு) புது சீலோட உதட்டைக் கிழிச்சுடும். ஒரு கையால ஷாஃப்டை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே, ஸ்ப்லைன் டிஃப்ரன்ஷியல்ல போய்ச் சேர்ற வரைக்கும் தள்ளுங்க. பந்து ஜாயிண்டுக்குள்ள கிரீஸைக் கட்டை விரலால அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வர்ற வரைக்கும் அடைங்க. நக்கிள் குழியில முக்கால் பங்கு. முழுக்க அடைச்சா சூட்டுல விரிஞ்சு சீலைத் தள்ளும்.

வீல் பேரிங் நட்டை ஹப்பைச் சுத்திக்கிட்டே நல்லா இறுக்கி உக்கார வெச்சு, முழுசாத் தளர்த்தி, பிறகு 10-15 நியூட்டன் மீட்டர் மட்டும் கொடுத்து லாக் வாஷர் போடுங்க.

பிரீதர்: பழைய மூடியைத் தூக்கிப் போட்டுட்டு, ஆயில் தாங்கற ரப்பர் ஹோஸ் மாட்டி, பிரேக் பைப் ஓரமாவே கொண்டு போய் என்ஜின் அறையில ஃபயர்வால் உயரத்துல கட்டுங்க. நுனியில சின்ன ஃபில்டர் இல்லன்னா வாயைக் கீழ்நோக்கி வளைச்சு விடுங்க. ஸ்பிரிங் மேலும் கீழும் போகும்போது இழுபடாத அளவுக்குத் தளர்ச்சி வேணும். பின் ஆக்சிலுக்கும் இதே.


தேவனாம்பட்டினம்_கரை | திங்கள், காலை 6.15

நக்கிள் வேலை சரியான கையில் இருக்கிறது. சேஸிஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஹப் முங்க நின்ற வண்டியில் சேஸிஸ் பெட்டிக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும். ஜிப்சியின் சேஸிஸ் மூடிய பெட்டி வடிவம். கீழே உள்ள வடிகால் துளைகள் சேற்றால் அடைபட்டால் உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். எல்லாத் துளைகளையும் கம்பியால் குத்தித் திறந்து, நல்ல தண்ணீர் ஹோஸை ஒரு முனையில் செருகி மறுமுனையில் தெளிவாக வரும்வரை விடுங்கள். இரண்டு மூன்று நாள் வெயிலில் காயட்டும். பிறகு சின்னச் சுத்தியலால் பாடி மவுண்ட் ஓரங்களிலும் பின் ஷாக்கிள் பிராக்கெட் பக்கத்திலும் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல இரும்பு. மொத்தென்று கேட்டால் அங்கே தகரம் மெலிந்திருக்கிறது, வெட்டி எடுத்து 3 மிமீ தகடு வைக்க வேண்டும். துருவின் மேலேயே ஒட்டுத் தகடு வெல்டிங் செய்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.

மேல்துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி தடவினால் கறுப்பாக மாறும். காய்ந்த பின் ரெண்டு பாக எபாக்ஸி பிரைமர். வெறும் ரெட் ஆக்சைடு நம் ஊர் உப்புக்காற்றுக்கு இரண்டு மழைக்காலம் தாங்காது. படகுக்குப் பெயிண்ட் விற்கும் கடைகளில் எபாக்ஸி பிரைமர் கேளுங்கள்.

முக்கியமானது: சேஸிஸ் நம்பர் பஞ்ச் செய்த இடத்தில் கிரைண்டர் வைக்கவே கூடாது. 15 வருடம் கடந்த வண்டி, படிவம் 25 போட்டு ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்கும்போது அந்த எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுப்பார்கள். எழுத்து மழுங்கியிருந்தால் விளக்கம் சொல்லி மாளாது. அந்த இடத்தில் கை பிரஷ், துருமாற்றி, மேலே மெல்லிய கிரீஸ் மட்டும்.


பண்ருட்டி_540 | திங்கள், காலை 9.00

பெட்டிக்குள்ள வேஸ்ட் ஆயில் அடிக்கறதுதானே வழக்கம் சார்? செலவும் இல்ல.


தேவனாம்பட்டினம்_கரை | திங்கள், பகல் 1.20

வழக்கம்தான் தம்பி, ஆனால் ஓடிய என்ஜின் ஆயிலில் எரிபொருள் எரிந்த அமிலம் இருக்கும். துருவைத் தடுக்க ஊற்றுவது அதற்கே உரமாகலாம். ஷாக்கிள் புஷ், பாடி மவுண்ட் ரப்பர் எல்லாம் ஊறிப் பிதுங்கும். மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டுத் தரையில் சொட்டி, மழையில் கிணற்றுக்குப் போகும். பெட்டிக்குள் அடிக்கவென்றே மெழுகு ஸ்ப்ரே நீளக் குழாயோடு வருகிறது. வண்டிக்கு மூன்று நான்கு டப்பா பிடிக்கும். டிசம்பர் மழை முடிந்து தை வெயிலில் பெட்டி நன்றாகக் காய்ந்த பிறகு அடியுங்கள். ஈரத்தின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டியதாகும்.

கூடவே ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததும் ஃபோர் வீல் சோதிக்கக் கடற்கரை மணலில் இறக்க வேண்டாம். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிடும் கரை இது, மணலுக்கடியில் குழி இருப்பது மேலே தெரியாது. செம்மண் பாதையோ ஆற்றங்கரை வண்டிப்பாதையோ போதும்.


உப்பளம்01 | திங்கள், மாலை 6.05

ஆமாம். ஃபோர் வீலைத் தார் ரோட்டுலயும் சோதிக்காதீங்க. இந்த வண்டியில நடு டிஃப்ரன்ஷியல் கிடையாது, திருப்பத்துல முன்னும் பின்னும் வேற வேற தூரம் ஓடணும். சக்கரம் வழுக்க வழியில்லன்னா அந்த முறுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ்ல ஏறும். மாசம் ஒரு தடவை மண்ணுல 500 மீட்டர் போட்டா உள்ளே ஆயில் பரவும், லீவரும் இறுகாது.

கார்புரேட்டர் மாடல்னு எழுதியிருந்தீங்க. இப்போ பங்க்ல வர்றது 20 சதம் எத்தனால். பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ் உப்பி வெடிக்கும், விரலால அமுக்கினா பிசுபிசுன்னு இருந்தா உடனே எத்தனால் தாங்கற ஹோஸ் மாத்துங்க. ஆக்சிலரேட்டர் பம்ப் டயஃப்ரமும் ஃப்ளோட் ஊசியும் பாருங்க. ஸ்டாண்ட்ல மாசக்கணக்குல நிக்கறதா இருந்தா டேங்கைக் காலியா வைங்க. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து அடியில தண்ணியாத் தங்கும். இதுக்குத் தனி இழை போடுங்க, நிறைய இருக்கு.


கடிலம்31 | அடுத்த ஞாயிறு, மாலை 4.30

ரெண்டு பக்கமும் முடிஞ்சது. தராசு இடது 1.4, வலது 1.3 கிலோ. இடதுல மூணு ஷிம் இருந்த இடத்துல இப்போ ரெண்டு. ஃப்ளஷ் ஆயில் 18 கிலோமீட்டர் ஓட்டி இறக்கினதுல லேசா வெளுப்பு, ரெண்டாவது தடவை தெளிவு. நக்கிள் காஞ்சு கிடக்கு, சொட்டு இல்ல. 60ல பள்ளத்துல இறங்கினாலும் உதறல் இல்ல.

75க்கு மேல மட்டும் ஸ்டீயரிங்ல மெல்லிய நடுக்கம். டயர் பேலன்ஸ் பண்ணியாச்சு.


நெல்லிக்குப்பம்_லேத் | அடுத்த ஞாயிறு, மாலை 5.15

டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கிற அளவு) பாத்தீங்களா? டை ராட் கழட்டி மாட்டினா அது மாறியிருக்கும். சக்கரம் தூக்கிச் சுத்திவிட்டு, டயர் நடுவுல ஆணி நுனியால ஒரு கோடு. வண்டியை இறக்கி ரெண்டு மீட்டர் முன்னாடி உருட்டுங்க, பின்னாடி உருட்டக் கூடாது. முன்பக்கம் கோட்டுக்குக் கோடு அளவு, பின்பக்கம் அதே உயரத்துல அளவு. டேப் தொய்ஞ்சா தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி அளங்க, அது தொய்யாது. முன்பக்கம் 2 முதல் 6 மிமீ குறைவா இருக்கணும்.


கடிலம்31 | அடுத்த ஞாயிறு, இரவு 7.50

நரம்பு கட்டி அளந்தேன். முன்பக்கம் 11 மிமீ குறைவா இருந்தது. ரெண்டு லாக் நட்டையும் தளர்த்தி டை ராடைத் திருப்பி (ஒரு முனை இடது மரை) 4 மிமீக்குக் கொண்டு வந்தாச்சு. 80ல நடுக்கம் இல்ல.


உப்பளம்01 | அடுத்த ஞாயிறு, இரவு 8.20

அருமை. 500 கிலோமீட்டர் ஓடினதும் கிங்பின் போல்ட் பதினாறு, நக்கிள் சீல் போல்ட் பதினாறு, டை ராட் லாக் நட் ரெண்டு, இதையெல்லாம் ஒரு சுத்து டார்க் ரெஞ்ச் வெச்சுப் பாருங்க. புது ஃபெல்ட் அமுங்கும், சீல் போல்ட் கண்டிப்பா கொஞ்சம் தளர்ந்திருக்கும். அன்னைக்கே ஃபில்லர் திறந்து விரல் விட்டு ஆயில் நிறத்தையும் பாத்துடுங்க.